வீரக்கல்லின் முதுகுப் பக்கம்

ஆம்பூர்,
10 நவம்பர் 1934

பட்டணத்தில் பெரியமேட்டுத் தோல் கிடங்கில் குமாஸ்தாவாக இருக்கும் லியாகத் பாய்க்கு ரங்கம்மாள் எழுதுவது.

நான் சௌக்கியம். கல்லும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை இப்போது விசாரிப்பதாக இல்லை. கோபம் தீர்ந்ததும் விசாரிக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, கம்பெனி லீவு. வழக்கம்போல நம் காட்சிச்சாலை அறையைப் பெருக்கப் போனேன். பீரங்கிக் குண்டு இரண்டையும் துடைத்துவிட்டு, கல்லைத் துடைக்கத் துணியை நனைக்கும்போது சபைத் தலைவர் வக்கீல் சுந்தரமூர்த்தி ஐயா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே நான் இருந்தால் அவர் உள்ளே வர மாட்டார், உங்களுக்குத் தெரியும்.

"ரங்கம்மா, இனிமே நீ பெருக்க வேணாம். எல்லாம் வாலாஜாபேட்டைக்குப் போவுது. அங்க ஒரு பட்டு வியாபாரி கட்டடம் கட்டித் தர்றாரு."

"யாரைக் கேட்டுப் போவுதுங்க?"

"உங்க காரியதரிசி லியாகத் அலி கையெழுத்துப் போட்டுட்டாரு."

பாய், உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். எறும்பு வரிசையாகப் போகிற மாதிரி இருக்கும். அதைக் காட்டினார். எறும்புதான்.

நீங்கள் மறந்திருக்கலாம், பட்டணத்துத் தண்ணீர் அப்படி. ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் தோல் கம்பெனி முற்றத்தில் ஒரு பெரிய பலகைக்கல் கிடந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலை அதன் மேல் அறைந்து கழுவுவோம். பதினோரு வருஷம் அறைந்தோம். கல்லு வழுவழுவென்று கன்னம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த நீங்கள் ஒரு நாள் குனிந்து, அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "எழுத்து இருக்கு, எழுத்து இருக்கு" என்று கத்தினீர்கள். தேள் கொட்டிவிட்டது என்று நான் சுண்ணாம்பு எடுக்க ஓடினேன். எட்டு ஆள், நாலு கடப்பாரை, கல்லைப் புரட்டினால் உள்ளே ஒருத்தன் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உடம்பெல்லாம் அம்பு. பின்னால் மாடுகள். ஊர் மாட்டைத் திருடிப் போனவர்களைத் துரத்தி, மாட்டை மீட்டு, தான் செத்தவன் என்று படித்துச் சொன்னீர்கள். பெயர் இருந்த இடம் மட்டும் உடைந்துபோயிருந்தது.

மாட்டுக்காகச் செத்தவன் முதுகின் மேலேயே பதினோரு வருஷம் கன்னுத்தோல் அறைந்திருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்ட பொறுமைசாலியை நீங்கள் வாலாஜாபேட்டைக்கு விற்கிறீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லைத் தூக்க வந்தால் முதலில் என்னைத் தூக்க வேண்டும். நான் கல்லை விடக் கனம். கல்லு மாப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்கட்டும்.

ரங்கம்மாள்


பெரியமேடு, சென்னை,
16 நவம்பர் 1934

ரங்கம்மா அக்காவுக்கு லியாகத் அலியின் சலாம்.

கல்லை நான் விற்கவில்லை. அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஒரு காசு என் கைக்கு வரவில்லை, வரவும் வராது.

ஆம்பூர் காட்சிச்சாலை அன்பர் சபை என்று பெயர் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. நாம் செய்ததை எண்ணிப் பாருங்கள். உண்டியல் வைத்தோம், செல்லாக் காசும் ஒரு பித்தானும் விழுந்தன. நிதிக்காக நாடகம் போட்டோம். மழை வந்து திரை கிழிந்தது, ராஜா வேஷக்காரர் முதல் ரயிலில் ஊருக்குப் போய்விட்டார். தலைவர் வீட்டில் தேநீர் விருந்து வைத்தோம். வந்தவர்கள் தின்ற பிஸ்கோத்துக்கே சந்தா போதவில்லை. அறைக்கு ஆறு மாத வாடகை பாக்கி. அறைக்காரர் உப்புத்தோல் அடுக்க இடம் கேட்கிறார். கல்லைத் தெருவில் போட்டுவிட்டு நான் எப்படி இங்கே உறங்குவது? வாலாஜாபேட்டையில் சுவர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் சம்மதித்தேன்.

ஆனாலும் ஒரு வரியை நானே சேர்த்து எழுதினேன். சித்திரை முதல் தேதிக்குள் சபைக்குச் சொந்தமாகக் கூரையோடு ஓர் இடம் ஆம்பூரிலேயே எழும்பினால், பொருட்கள் எதுவும் ஊரை விட்டுப் போகாது. தலைவரும் அந்த வியாபாரியும் சிரித்துக்கொண்டே அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சிரிப்பில் தப்பில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் மனம் ஆறாது. அந்தத் தேநீர் விருந்தில், இருபது பெரிய மனிதர்கள் நடுவில், என்னைக் "கல்லு மாப்பிள்ளை" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே கம்பெனியில் அதுதான் என் பெயர். ஒரு மாதம் பொறுத்தேன். நான் ஊரை விட்டதற்குச் சம்பளம் மட்டும்தான் காரணம் என்று நினைத்தீர்களா? இப்போது கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறீர்கள்.

லியாகத் அலி


ஆம்பூர்,
1 டிசம்பர் 1934

லியாகத் பாய்க்கு ரங்கம்மாள்.

கல்லு சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா? பாருங்கள், விசாரித்துவிட்டேன்.

மாப்பிள்ளை விஷயத்தைப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். பிறகு எழுதுகிறேன். இப்போது வேலை இருக்கிறது.

நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரி போதும் பாய். கூரை வேண்டும் என்றால் கூரை.

முதலில் இடம். மசூதித் தெரு முனையில் ஹலீமா பீயின் பழைய ஜட்கா லாயம் இருக்கிறது இல்லையா, இரண்டு சுவர் நிற்கிறது, இரண்டு சுவர் படுத்திருக்கிறது. போய்க் கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து பாக்கு வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இன்னா ரங்கம்மா, குதிரை செத்துப் பத்து வருஷம் ஆச்சு. இப்பதான் துக்கம் கேக்க வந்தியா?"

"லாயம் வேணும்மா. கல்லுக்கு."

"கல்லு புல்லு தின்னுமா?"

"தின்னாது. சாணியும் போடாது."

பாக்குவெட்டி நின்றது. பிறகு சொன்னார்: "ஊர் ஆம்பளைங்க எல்லாம் அதைப் பார்த்துட்டு வந்து கதை சொல்றாங்க. நான் மூணு வருஷமா காதாலதான் பார்க்கிறேன். இடத்தை சபை பேருக்கே எழுதித் தர்றேன். வாரத்துல ஒரு நாள் பொம்பளைங்களுக்கு மட்டும் கதவு திறக்கணும். அன்னிக்கு ஒரு ஆம்பளைத் தலை தெரியக் கூடாது. உங்க வக்கீல் தலையா இருந்தாலும்."

வியாழக்கிழமை என்று பேசி முடித்தோம்.

அடுத்தது செங்கல். பெரிய மனிதர்களிடம் கேட்டால் பிஸ்கோத்து வாங்கி வைக்க வேண்டும். நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். சக்கை இருக்கிறது. தோல் பதமாகி ஆவாரம்பட்டையில் சாரம் இறங்கின பிறகு தொட்டியிலிருந்து அள்ளுகிறோமே, அதற்குத் தனிக் கூலி கிடையாது. வாராவாரம் வியாழன் சாயங்காலம் ஆளுக்கு ஒரு கூடைச் சக்கை, அடுப்பெரிக்க. காலகாலமாக அதுதான் பழக்கம். சூளைக்காரர் துரைசாமி செங்கல் சுட அதே சக்கையைத்தான் வெளியே தேடி அலைகிறார். அவரிடம் போய், காசு வேண்டாம், சக்கைக்குச் செங்கல் கொடுக்கிறாயா என்றேன். தலையைச் சொறிந்து, கூடைக்கு ஆறு கல் என்றார். எட்டு என்றேன். "யக்கா, சூளையையே எழுதி வாங்கிக்க" என்றார். எட்டுக்கு வந்தார்.

கூலி வாங்கின கையோடு எங்கள் பெண்களை நிறுத்திச் சொன்னேன். அமிர்தவள்ளி வாயைத் தெரியுமே.

"கல்லுக்கு வீடு கட்ட என் அடுப்பை அணைக்கணுமா? நல்லா இருக்குது நியாயம்."

"உன் சமையலுக்கு அடுப்பு எரிஞ்சா இன்னா, அணைஞ்சா இன்னா" என்றேன். அவள் புருஷன் வெளியே நின்று சிரித்தான். அவன் பாடு அன்று என்ன ஆனதோ.

யாரும் கூடையை நீட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் பயமாகிவிட்டது. அப்போது பின்னால் நின்ற சகீனா, எப்போதும் பேசாதவள், முன்னால் வந்து கூடையை என் காலடியில் வைத்தாள்.

"அந்தக் கல்லுல என் கை தேஞ்சிருக்குக்கா. அது வாலாஜாபேட்டைக்குப் போச்சுன்னா, என் கை தேஞ்ச இடத்தைப் பார்க்க நான் ரயில் கூலி குடுத்து, ஒரு நாள் கூலியும் விட்டுட்டுப் போவணும். நான் சுள்ளி பொறுக்கிக்கறேன்."

பிறகு ஒன்றொன்றாக இருபத்து மூன்று கூடை. கடைசிக் கூடை அமிர்தவள்ளியுடையது. வைக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் வைத்தாள்.

ரங்கம்மாள்


பெரியமேடு,
8 டிசம்பர் 1934

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. சக்கை உங்களுக்குக் கிடைப்பது பழக்கத்தால், பத்திரத்தால் அல்ல. அது அடுப்புக்குப் போகிறவரை முதலாளி கண்டுகொள்ள மாட்டார். அதை வெளியே கொடுத்துப் பண்டம் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார். கல்லுக்காக இருபத்து மூன்று வீட்டு அடுப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

தலைவரும் எனக்கு எழுதியிருக்கிறார். தோல் கம்பெனிப் பெண்கள் சக்கை கொடுத்துக் கட்டிய இடம் என்று பெயர் வந்தால், எந்தப் பெரிய அதிகாரி வந்து திறந்துவைப்பார் என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்திருக்கிறேன்.

நிறுத்திவிடுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த மூன்று தாளில் என்ன எழுதிக் கிழித்தீர்கள்?

லியாகத் அலி


ஆம்பூர்,
20 ஜனவரி 1935

லியாகத் பாய்க்கு ரங்கம்மாள்.

கல்லு சௌக்கியம். பொங்கலும் ஆனது. நீங்கள் பயந்தது அப்படியே நடந்தது. உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடுவதா, வேப்பெண்ணெய் போடுவதா என்று தெரியவில்லை.

ஐந்து வாரம் சக்கை தடையில்லாமல் போனது. படுத்திருந்த சுவர் இரண்டும் இடுப்பு உயரத்துக்கு எழுந்தன. வக்கீல் ஐயா ஒரு கல்யாண விருந்தில் எங்கள் முதலாளி காதைக் கடித்திருக்கிறார். மறுநாளே மேனேஜர் அப்துல் வஹாப் சாயபு எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்.

"இன்னியிலேர்ந்து சக்கை கம்பெனிச் சொத்து. ஒரு கூடை வெளியே போனாலும் திருட்டுன்னு எழுதுவேன்."

"அடுப்புக்குமா சாப்?"

"அடுப்புக்கும்தான்."

சரி சாப் என்றேன். நான் சண்டை போடாததைப் பார்த்து அவரே கொஞ்சம் கலங்கிப்போனார்.

மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வேலைக்கு வந்தோம். தோல் கழுவினோம், உலர்த்தினோம், புதுப் பட்டை இடித்தோம். சக்கையை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டிகளில் அப்படியே கிடந்தது. மேனேஜர் வந்தார்.

"இன்னா, தொட்டி காலியாவலையா?"

"சக்கை கம்பெனிச் சொத்தாச்சே சாப்" என்றாள் அமிர்தவள்ளி. "நாங்க தொட்டா திருட்டுன்னு எழுதிடுவீங்க. நாங்க புள்ளைகுட்டிக்காரங்க."

சக்கையை எடுக்காமல் புதுப் பட்டை போட முடியாது. புதுப் பட்டை போடாமல் தோலை இறக்க முடியாது. இறக்காத தோல் இரண்டு நாளில் என்ன ஆகும் என்று மூக்கு உள்ளவனுக்குத் தெரியும். ஆலங்காயத்துப் பக்கமிருந்து பட்டை ஏற்றி வந்த வண்டிகள் சந்து முனை வரைக்கும் நின்றன. வண்டிக்காரர்கள் மேனேஜரைத் தெலுங்கில் விசாரித்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியும், இங்கே எழுத முடியாது.

வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள், சக்கையைப் பார்த்தார்கள், தனிக் கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். தனிக் கூலியே கிடையாது என்றதும் டீ குடிக்கப் போனார்கள். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. மூன்றாம் நாள் சாயபுவே சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கினார். நல்ல மனுஷன்தான், மேலே இருக்கிறவர் சொல்படி ஆடுகிறார். மூன்று கூடை தூக்கினார். நாலாவது கூடையில் முதுகு பிடித்துக்கொண்டது. சகீனாதான் கை கொடுத்து ஏற்றினாள்.

"எடுத்துத் தொலைங்க" என்றார்.

நாங்கள் கூடையை எடுக்கப் போனோம். சகீனா நகரவில்லை.

"சும்மா எடுக்க மாட்டோம் சாப். தயவுன்னு குடுத்தீங்கன்னா நாளைக்கு மறுபடியும் நிறுத்துவீங்க. அள்ளின கூலிக்குத்தான் இந்தக் கூடைன்னு முதலாளிகிட்ட கேட்டு வந்து, கம்பெனி கேட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அடுப்புல போடறமோ சுவத்துல போடறமோ எங்க இஷ்டம்."

அவர் போய்க் கேட்டு வந்தார். சொன்னார். மூன்று தெரு தள்ளிக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வாரமே இன்னும் மூன்று கம்பெனிப் பெண்கள் கூடையோடு ஹலீமா பீ லாயத்துக்கு வந்தார்கள். துரைசாமி சூளையில் இப்போது சக்கைக்குப் பஞ்சம் இல்லை, செங்கல்லுக்குத்தான் பஞ்சம்.

இனி அந்த மூன்று தாள்.

முதல் தாளில், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எழுதினேன். இரண்டாவதில், உங்களைச் சொல்லவில்லை என்று எழுதினேன். இரண்டும் பொய். மூன்றாவது தாளில் உண்மையை எழுதிப் பயந்து கிழித்தேன். இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் காலையிலிருந்து நாற்காலி துடைத்தது நான். விருந்து ஆரம்பித்ததும் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தி, தகரக் குவளையில் டீ கொடுத்தார்கள். உள்ளே நீங்கள் பீங்கான் கோப்பையோடு உட்கார்ந்திருந்தீர்கள். கல்லைக் கண்டெடுத்த கதையைச் சொன்னீர்கள். அதில் நான் இல்லை. வாசலில் நிற்கிற என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டீர்கள். அதனால்தான் கத்திச் சொன்னேன். உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

வலித்திருக்கிறது. அதற்கு வருத்தம். சொன்னதற்கு இன்னும் முழு வருத்தம் வரவில்லை.

கூரைக்கு மரம் இல்லை. அது வேறு கதை.

ரங்கம்மாள்


பெரியமேடு,
11 பிப்ரவரி 1935

அக்காவுக்கு,

பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்று முதல் இன்று வரை நீங்கள் என்னை அவமானப்படுத்தினீர்கள் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது. இதற்கு மேல் எழுதினால் அது எனக்கு நானே ஆறுதல் தேடுவதாகிவிடும்.

இங்கே ஆம்பூர்க்காரர்கள் நாற்பது பேராவது தோல் கிடங்குகளில் இருக்கிறோம். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் நான். உண்டியலைக்கூட நீங்கள்தான் குலுக்கினீர்கள். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, தோளில் இருந்த துண்டை விரித்துக்கொண்டு வாசலில் நின்றேன். "நம்ம ஊர்ப் பொம்பளைங்க அடுப்புச் சக்கையைக் குடுத்து சுவர் எழுப்பிட்டாங்க. கூரை இல்லை" என்று மட்டும் சொன்னேன். மக்பூல் அகமது என்று ஒரு கிடங்குக்காரர், நம் ஊரில் பிறந்தவர், துண்டைப் பார்த்தார். காசு போடவில்லை. "என் பழைய கிடங்கை இடிக்கிறேன். தேக்கு உத்தரம் ஏழு இருக்கு. எடுத்துக்கிறியா?" என்றார். மற்றவர்கள் துண்டில் போட்டது ரயில் கூலிக்கு ஆயிற்று.

உத்தரங்கள் நேற்று கூட்ஸ் வண்டியில் ஏறின. வண்டி புறப்படும் வரை நின்று பார்த்தேன். இந்தக் கல்லு மாப்பிள்ளை அனுப்புகிற சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவரின் கடிதத்துக்கும் பதில் எழுதிவிட்டேன். திறந்துவைக்க அதிகாரி வேண்டாம், திறப்பதற்குக் கதவு இருந்தால் போதும் என்று.

லியாகத் அலி


ஆம்பூர்,
5 ஏப்ரல் 1935

லியாகத் பாய்க்கு ரங்கம்மாள்.

சீர் வந்து சேர்ந்தது. ஏழு உத்தரம், ஒன்றில் கரையான், பரவாயில்லை. சீரில் ஒன்று குறைந்தால் சண்டை போட எனக்கு உரிமை உண்டு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். வக்கீல் ஐயா மாட்டு வண்டி ஒன்றும் எட்டு ஆளும் கொண்டுவந்து ஹலீமா பீ லாயத்தின் முன் இறங்கினார். சித்திரைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கையில் உங்கள் எறும்புக் கையெழுத்து. நாங்கள் ஓடு போட்டுக்கொண்டிருந்தோம். கூரையில் பாதி ஆகியிருந்தது.

"இன்னிக்கு நாள் நல்லா இருக்கு, கல்லை ஏத்திடலாம்னு பார்த்தேன். உங்களால முடியாது, எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"பாதி முடிஞ்சிடுச்சுங்களே."

"பாதிக் கூரை கூரையா ரங்கம்மா?"

"மீதி நாளைக்கு வருதுங்க. சூளையில வெந்துக்கிட்டு இருக்கு."

"கல்லு எங்கே?"

அறைச் சாவி என்னிடம் இருந்தது உங்களுக்குத் தெரியும். உத்தரம் வந்த மறுநாளே கல்லை உருட்டிக் கொண்டுவந்துவிட்டோம். அதைத் தரையில் நிறுத்தி வைத்தால் எட்டு ஆள் வந்து தூக்கிப் போவான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. கொத்தனார் சத்தாரிடம், சுவரிலேயே வைத்துக் கட்ட முடியுமா என்றேன். முடியும் என்றார். இரண்டு பக்கமும் செங்கல் தூண், நடுவில் கல்லு. உத்தரம் தூணின் மேல். கல்லின் தலையில் ஒரு சுமையும் இல்லை, உங்களுக்காக அதைக் கேட்டுக்கொண்டேன்.

வக்கீல் ஐயா உள்ளே எட்டிப் பார்த்தார். வில்லுக்காரன் சுவரிலிருந்து அவரைப் பார்த்தான்.

"பேர்த்து எடுங்கடா" என்றார்.

சத்தார் ஏணியில் இருந்தபடியே சொன்னார்: "எடுக்கலாங்க. கல்லை எடுக்கத் தூணை இடிக்கணும். தூணை இடிச்சா உத்தரம் இறங்கும். உத்தரம் இறங்குனா ஓடு இறங்கும். கீழ யாரு நிக்கறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் ஏணியைத் தள்ளி வெச்சுக்கறேன்."

எட்டு ஆளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தன் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான், ஏழு பேரும் துணைக்குப் போனார்கள்.

"இது இன்னா அராஜகம்? சபைத் தலைவர் நான்."

எதிர் வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீயின் குரல் வந்தது. பாக்குவெட்டிச் சத்தமும் வந்தது.

"வக்கீல் சாப், இன்னிக்கு வியாழக்கிழமை. பொம்பளைங்க நாள். வாசல்ல நிக்காதீங்க, நாங்க வரணும்."

கதவே இன்னும் வைக்கவில்லை பாய். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அந்தத் தெருவில் இருந்து பர்தா போட்ட பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து எங்கள் பெண்கள் தலையில் கூடையோடு வந்தார்கள். நடுவில் வக்கீல் ஐயா, குடையோடு. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு பெண்ணின் வழியில் நின்றார். கடைசியில் குடையை மடக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். காலி வண்டி போகிற சத்தம் கேட்க எவ்வளவு இனிமை என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஹலீமா பீ வந்து கல்லின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். "வயசு கம்மியா இருக்குது. அம்பு தைச்சும் சிரிக்கிறான் பாரு" என்றார். நானும் மூன்று வருஷம் துடைத்திருக்கிறேன், சிரிப்பைப் பார்த்ததில்லை.

இன்னொன்று. முகம் உள்பக்கம். முதுகைப் பூசி மூடிவிடவா என்று சத்தார் கேட்டார். மூடாதே என்றேன். முதுகு தெருவைப் பார்த்து இருக்கிறது, நாங்கள் அறைந்து அறைந்து வழுவழுப்பாக்கின பக்கம். வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொருத்தியும் அதில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறாள்.

கல்லுக்குப் பக்கத்தில் மாட்ட எழுத்துப் பலகை வேண்டும். ஊரை விட்டு அனுப்பக் கையெழுத்துப் போட்டீர்களே, அதே கையால் எழுதுங்கள்.

ரங்கம்மாள்


பெரியமேடு,
8 ஏப்ரல் 1935

அக்காவுக்கு,

ஆயிரம் வருஷத்துக் கல்லைச் சுண்ணாம்பு வைத்துச் சுவரில் கட்டினீர்கள் என்று படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். படித்தவன் எவனும் இதைச் செய்ய மாட்டான். படித்தவன் கையில் விட்டிருந்தால் கல் இப்போது வண்டியில் இருக்கும். உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு பலகை அனுப்ப உத்தேசம். வாசகம் இது:

உள்பக்கம்: "ஊர் மாடுகளை மீட்டுப் பட்டவன். பெயர் இருந்த இடம் உடைந்துள்ளது."

தெருப்பக்கம்: "இந்தப் பக்கத்தில் பதினோரு வருஷம் தோல் அறைந்தவர்கள்: ரங்கம்மாள், அமிர்தவள்ளி, தேவகி, சைரா, நசீமுன்னிசா. இந்தச் சுவரை எழுப்பியவர்கள் இவர்களும் இவர்கள் தோழிகளுமே."

பெயர்கள் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். சரி என்றால் தபாலில் அனுப்பிவிடுகிறேன். இங்கே வேலை ஜாஸ்தி. ஊருக்கு வந்தால் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதும் ஒரு காரணம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

லியாகத் அலி


ஆம்பூர்,
10 ஏப்ரல் 1935

லியாகத் பாய்க்கு ரங்கம்மாள்.

நேற்று கடைசி ஓடு வைத்தோம். கல்லு சௌக்கியம், மேலே கூரை சௌக்கியம்.

பலகை வாசகத்தைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். அமிர்தவள்ளி தன் பெயரை நாலு தரம் படிக்கச் சொன்னாள். சகீனா கூடையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டாள். அவள் பெயரைக் காணோம் பாய். முதல் கூடை வைத்தவள் அவள். சாயபுவைக் கேட்டில் சொல்லவைத்தவள் அவள். வாசலில் நிற்கிறவர்களை விட்டுவிட்டுக் கதை சொல்லுகிற பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை.

சேர்த்து எழுதுங்கள். முதல் பெயராக எழுதுங்கள், என் பெயர் கடைசிக்குப் போகட்டும். பலகையைத் தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், தபால்காரரிடம் சொல்லிவிட்டேன். கையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். சித்திரை முதல் நாள் கதவு திறக்கிறோம். எல்லோருக்கும் டீ உண்டு, எல்லாம் தகரக் குவளைதான். உங்களுக்கும் எனக்கும் வாசல்படியில் இடம் போட்டு வைக்கிறேன்.

ரங்கம்மாள்